இன்னாசியின் மன்றாட்டு

சந்தியாகப்பர் கோவில் பங்கில் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. பேசப் பழகிய பிள்ளை முதல் பல் போன கிழவர் வரை எல்லோருக்கும் ஞானோபதேச வகுப்பு உண்டு. புதுநன்மை, அதாவது முதல் தடவை நற்கருணை, வாங்கப் போகிற பிள்ளைகள் வேப்பமரத்தடியில். உறுதிப்பூசுதல் பிள்ளைகள் மணிக்கூண்டின் கீழே. கல்யாணமானவர்கள் பழைய பள்ளிக்கூட அறையில். எந்த வகுப்பிலும் சேராதவர்களும், கோவிலை விட்டுப் போய்த் திரும்பி வந்தவர்களும் முகப்பு மண்டபத்தில், விண்ணரசியிடம்.

விண்ணரசி அந்தப் பங்கின் உபதேசியார். முப்பது வயதுக்காரி. குரலை உயர்த்த மாட்டாள். கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்கிற வழக்கமும் அவளுக்கு இல்லை.

தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளர் சங்கத்தின் பழைய தலைவர் இன்னாசி, ஒரு ஞாயிறு அவள் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். ஊர் வேடிக்கை பார்த்தது. எழுபதைத் தாண்டியவர். பள்ளிக்கூடம் அவருக்குக் கொடுத்தது எழுத்துக்கூட்டும் அளவுக்கு. மற்ற படிப்பெல்லாம் நோட்டீசும் துண்டுப் பிரசுரமும் கொடுத்தது. அந்தப் படிப்பை வைத்து வக்கீல்களை வாயடைத்திருக்கிறார்.

"இந்த வயசுல என்ன பரீட்சை எழுத வந்திருக்கீங்கண்ணே?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையற்காரர் பவுலின்.

"மோட்சத்துல இன்னும் சங்கம் இல்லையாம். போய் ஆரம்பிக்கலாம்னு பாக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் வந்த காரணம் வேறு.

அவருடைய மகள் ரெஜினாவின் பிள்ளை அமலிக்கு ஈஸ்டர் முடிந்து புதுநன்மை. அந்தப் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. புதுநன்மைப் பூசையில் ஒவ்வொரு பிள்ளைக்காகவும் வீட்டுப் பெரியவர் ஒருவர் பீடத்தருகே நின்று ஒரு மன்றாட்டு வாசிப்பார். ரெஜினா பக்கத்து வீட்டுக்காரி மூலம் சொல்லியனுப்பியிருந்தாள்: "அப்பா வாசிக்கணும்னா வாசிக்கட்டும். உபதேசியார் சரின்னு சொல்லணும்."

தன் கல்யாணத்துக்குப் பிறகு மகள் அவருக்குச் சொல்லியனுப்பிய முதல் வார்த்தை அதுதான். இன்னாசி பல நாள் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்.

அந்தக் கல்யாணத்தில் நடந்தது ஊருக்கே தெரியும். அப்போது இன்னாசி போன்ற கீழத்தெருக்காரர்களுக்குக் கோவிலில் பக்கக்கதவு, பக்கப்பீடம், கதவோரத் தரை. நடுக்கதவும் நடுப்பீடமும் பெஞ்சுகளும் மேலத்தெருவுக்கு. "என் மக நடுக்கதவு வழியாத்தான் மணப்பெண்ணா நுழைவா" என்றார் இன்னாசி. அன்றைய பங்குச்சாமி முடியாது என்றார். மாப்பிள்ளை வீட்டார், நல்ல காரியத்தில் வம்பு வேண்டாம் என்று பக்கக்கதவுக்கு ஒத்துக்கொண்டார்கள். ரெஜினாவும் "விடுங்கப்பா" என்றாள்.

இன்னாசி விடவில்லை. உள்ளே பக்கப்பீடத்தில் கல்யாணம் நடந்தது. பெண்ணைப் பெற்றவர், மூடிய நடுக்கதவுக்கு வெளியே, சங்கத்து ஆட்களோடு கறுப்புக்கொடி பிடித்து நின்றார். பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தது தாய்மாமன்.

அடுத்த வருஷமே நடுக்கதவு எல்லோருக்கும் திறந்தது. பெஞ்சுகளும் எல்லோருக்கும் ஆயின. இன்று வேப்பமரத்தடியில் இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இது எப்படி வந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பெஞ்சை உபயம் செய்தவன் பெயர் பெஞ்சின் முதுகில் பெயிண்டில் இருக்கிறது. அதில் உட்காருகிற உரிமையை வாங்கிக் கொடுத்தவன் பெயர் எங்கும் இல்லை. இன்னாசி அந்த எழுத்தை ஒவ்வொரு ஞாயிறும் படித்தார். ஒவ்வொரு ஞாயிறும் வாய் கசந்தது.

மன்றாட்டு எழுதுவது அவருக்கு ஒரு வேலையா? ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு வந்து, வகுப்பில் எழுந்து நின்று வாசித்தார்.

"ஆண்டவரே! தங்கள் சமூகத்துக்குப் பலமுறை தெரிவித்தும் இதுநாள்வரை நடவடிக்கை ஏதும் இல்லாத நிலையில், கீழ்க்கண்டவற்றை உடனடியாக நிறைவேற்றித் தருமாறு வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, புதுநன்மை பெறும் குழந்தைகளின் பெற்றோருக்குக் கட்டுப்படியான கூலி. இரண்டு..."

"ஆண்டவருக்கு எவ்வளவு நாள் கெடுண்ணே?" என்றார் பவுலின்.

"ஈஸ்டர் வரைக்கும்."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. விண்ணரசி தாளை வாங்கிப் பார்த்தாள்.

"கையெழுத்து ரொம்ப அழகு, பெரியப்பா. வேற எழுதிட்டு வாங்க."

"இதுல என்ன தப்பு?"

"தப்பு ஒண்ணும் இல்ல."

அடுத்த ஞாயிறு கெடுவை எடுத்துவிட்டு எழுதிவந்தார். தாள் திரும்பி வந்தது. அதற்கடுத்த ஞாயிறு 'வற்புறுத்தி' என்பதை 'தாழ்மையுடன்' என்று மாற்றினார். அந்தச் சொல்லை எழுதும்போது பேனா வைத்திருந்த விரலே கூசியது. அதுவும் திரும்பி வந்தது.

பவுலினின் மன்றாட்டு முதல் தடவையிலேயே தேறிவிட்டது. 'ஊசியில் நூல் கோக்கிற அளவுக்கு என் கண் இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டும்.' அவ்வளவுதான் அது.

"அவன் தனக்காக எழுதினான், அது சரி" என்றார் இன்னாசி. "நான் ஊருக்காக எழுதறேன், அது சரியில்ல. அப்படித்தானே டீச்சர்?"

"ஆமா பெரியப்பா" என்றாள் விண்ணரசி.

இன்னாசி முறைத்தார். அவள் அடுத்தவர் தாளை எடுத்துக்கொண்டாள்.

தவக்காலம் பாதி கடந்தது. ஒரு ஞாயிறு புதுநன்மைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டர் வரவில்லை. பிள்ளைகளுக்கு மன்றாட்டின் பதிலுரையைச் சொல்லிக் கொடுக்கும்படி விண்ணரசி இன்னாசியை அனுப்பினாள். இன்னாசி வேப்பமரத்தடியில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அமலி முன்வரிசையில் இருந்தாள். தாத்தா என்று தெரியும். கூப்பிட்டுப் பழக்கமில்லாததால் அவள் கூப்பிடவில்லை. அவரும் அவளைப் பார்க்காத மாதிரி எல்லோரையும் பார்த்தார்.

"சொல்லுங்க பிள்ளைகளா. ஆண்டவரே!"

"ஆண்டவரே..." என்று முனகினார்கள்.

"என்ன இது, சாப்பிடாத ஆளுங்க மாதிரி? கையை உசத்து! ஆண்டவரே!"

"ஆண்டவரே!"

"எங்கள் மன்றாட்டைக்..."

"கேட்டருளும்!"

"கேட்டருளும் கேட்டருளும்!"

"கேட்டருளும் கேட்டருளும்!"

வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன. பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். பாயை விட்டு எழுந்து மரத்தைச் சுற்றி ஊர்வலமே கிளம்பிவிட்டது. பள்ளிக்கூட அறையிலிருந்து கல்யாணமானவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பங்குச்சாமி, இளவயதுக்காரர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு? என்ன பிரச்சினை?"

"ஒண்ணும் இல்ல சாமி. செபம்" என்றார் இன்னாசி.

வகுப்பு கலைந்த பிறகு விண்ணரசியிடம் வந்து நின்றார். முகத்தில் வேர்வை. சந்தோஷமும் இருந்தது.

"பாத்தீங்களா டீச்சர்? என் குரலுக்கு இன்னிக்கும் மைக் வேணாம்."

"கேட்டுது பெரியப்பா. மேலத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும்."

"ஆயுசு பூரா கேட்டவன் நான். கூலி கேட்டேன். போனஸ் கேட்டேன். இந்தக் கோவில்ல சமமா உக்கார இடம் கேட்டேன். நான் கேட்டதுலதான் நீ இன்னிக்கு இந்த மண்டபத்துல நின்னு பாடம் நடத்தறே."

அதைச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. சொன்ன பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"தெரியும்" என்றாள் விண்ணரசி. "நடுக்கதவு திறந்த அன்னிக்கு எங்கம்மா என்னைத்தான் முதல்ல உள்ள தள்ளிவிட்டாங்க. எனக்குத் தெரியாம இருக்குமா?"

இத்தனை வருஷத்தில் ஒருவர் வாயிலிருந்து அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார்.

"அப்ப இதைச் சரின்னு சொல்லு."

அவள் வாங்கிப் படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"கையால எழுதறீங்க. வாயால கேக்கறீங்க. காதுக்குத்தான் வேலையே குடுக்கல" என்றாள்.

இன்னாசிக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு வாரம் முழுக்கக் கோபத்தோடு படித்தார். அடுத்த ஞாயிறு எழுதின தாள் இல்லாமல், வெறும் வாதத்தோடு வந்தார்.

"டீச்சர், மன்றாட்டுன்னா என்ன? மன்று, ஆட்டு. மன்றுன்னா சபை. சபையில நின்னு வழக்காடறதுதான் மன்றாடறது. கெஞ்சறது இல்ல. அகராதியிலயே இருக்கு. நான் எழுதினது எல்லாம் முறையான மன்றாட்டு. நீங்கதான் தப்பாத் திருப்பி அனுப்பியிருக்கீங்க."

"அடேயப்பா" என்றார் பவுலின்.

விண்ணரசி பெஞ்சில் உட்கார்ந்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"சரிதான் பெரியப்பா. வழக்குன்னே வெச்சுக்குவோம். நீங்க லேபர் கோர்ட்டெல்லாம் போனவங்க. எதிர்த்தரப்பு பேசறப்போ வாதி என்ன செய்யணும்?"

"வாயை மூடிக்கிட்டு நிக்கணும். குறுக்கே பேசினா ஜட்ஜ் வெளிய அனுப்பிடுவாரு."

"உங்களை அனுப்பியிருக்காரா?"

"ஒவ்வொரு தடவையும்" என்றார் இன்னாசி பெருமையாக.

"இந்த வழக்குல எதிர்த்தரப்பு யாரு?"

இன்னாசியின் கை கோவிலின் உட்பக்கம், பீடத்தை நோக்கி உயர்ந்தது. ஆனால் விண்ணரசி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவள் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை அழைத்துப்போக வந்திருந்த ரெஜினா அங்கே குடையோடு நின்றிருந்தாள், மண்டபத்துக்கு முதுகைக் காட்டியபடி.

உயர்ந்த கை தானாக இறங்கியது.

"அவ வீட்டுக்கு ஒருதரம் போய் நின்னுட்டு வாங்க" என்றாள் விண்ணரசி.

"போய் என்ன பேச?"

"நீங்க பேசறது வாதி தரப்பு. அது அன்னிக்கே ஊருக்கெல்லாம் கேட்டாச்சு."

புதன்கிழமை சாயங்காலம் இன்னாசி சலவைச்சட்டை போட்டுக்கொண்டு போனார். மகள் வீட்டு வாசலை அவர் மிதித்ததே இல்லை. வாசற்படியில் ரெஜினாவின் மாமியார் செங்கோலம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்பந்தி. தைரியமா உள்ள வாங்க. எங்க வீட்ல நடுக்கதவு ஒண்ணுதான், அதுவும் பூட்டறதில்ல. கொடியெல்லாம் தேவைப்படாது."

இன்னாசி உள்ளே போய் நின்றார். ரெஜினா தையல் மெஷினில் இருந்தாள். வெள்ளைத் துணி, அமலியின் புதுநன்மை கவுன். நிமிர்ந்து பார்த்தாள். கால் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"என்ன விஷயம்?"

"உபதேசியார் அனுப்பினாங்க."

"என்ன சொல்லச் சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லச் சொல்லல. நிக்கச் சொன்னாங்க."

மெஷின் நின்றது.

"அடி கோஷக்காரி, அப்பாவை நிக்க வெச்சே கவுனைத் தைச்சு முடிச்சிருவியா? நாற்காலியைப் போடு" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"என்ன பேரு அது?" என்றார் இன்னாசி.

"உங்களுக்குத் தெரியாதா சம்பந்தி? எங்க வீட்டு மருமக சம்மதத்தையே கோஷமாப் போட்டவளாச்சே. எங்க சொந்தக்காரங்க இன்னும் அப்படித்தான..."

"அத்தை, நான் சொல்லிக்கறேன்" என்றாள் ரெஜினா.

ரெஜினா வெள்ளைத் துணியை மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சாமி 'சம்மதமா'ன்னு கேட்டாரு. சொன்னேன். கேக்கல, சத்தமாச் சொல்லும்மான்னாரு. மறுபடி சொன்னேன். கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க 'திற திற, நடுக்கதவைத் திற'. கதவே அதிருது. சாமி காதுக்குக் கைவெச்சுக்கிட்டு குனியறாரு. எல்லாரும் என் வாயையே பாக்கறாங்க. நான் கத்தினேன்ப்பா. பட்டுச்சேலையும் முக்காடுமா நின்னுக்கிட்டு, சம்மதம்னு தொண்டை கிழியக் கத்தினேன். கோவிலே சிரிச்சிது. மாப்பிள்ளை சிரிச்சாரு. அம்மா மட்டும் சிரிக்கல."

இன்னாசியின் தொண்டையில் பதில் வந்து நின்றது. நல்ல பதில். யாராலும் மறுக்க முடியாத பதில். 'நான் யாருக்காகம்மா நின்னேன்?' உதடுவரை வந்ததை விழுங்கினார். வாழ்நாளில் அப்படி எதையும் அவர் விழுங்கியதில்லை.

"நீங்க கேட்டது நியாயம்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள் ரெஜினா. "அமலி எந்தக் கதவு வழியா ஓடிப்போறான்னு நான் ஒவ்வொரு வாரமும் பாக்கறேன். இல்லன்னு சொல்லல. ஆனா அன்னிக்கு அந்தக் கோவில்ல எனக்குன்னு இருந்தது ஒரே ஒரு வார்த்தைப்பா."

மெஷினில் மாட்டியிருந்த நூலை அறுத்தாள்.

"நீங்க மன்றாட்டு வாசிக்க வேண்டாம். அமலி அப்பாவோட அண்ணன் வாசிக்கட்டும். நீங்க உள்ள வந்து உக்காருங்க. சாமி கேக்கறப்போ அமலி பதில் சொல்லுவா. சின்னக் குரல் அவளுக்கு. அது எனக்குக் கேக்கணும்."

இன்னாசி தலையாட்டினார். வெளியே வரும்போது செங்கோலம்மாள் ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்தார். இன்னாசியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீரைக்குக் குனிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போகும்வரை இன்னாசி உட்கார்ந்திருந்தார். விண்ணரசி பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவரும் எழுந்து ஒரு பாயின் மறுமுனையைப் பிடித்தார்.

"எழுதிட்டு வந்தீங்களா பெரியப்பா?"

"இல்ல. அவ வாசிக்க வேண்டாங்கிறா. உள்ள வந்து உக்காரச் சொல்றா."

"உக்காருவீங்களா?"

"உக்காருவேன்."

பாயைச் சுருட்டி முடித்துச் சுவரில் சாத்தினார்கள். இன்னாசி கையைத் தட்டிக்கொண்டார். கேட்கலாமா வேண்டாமா என்று நின்றார். அவருக்கு அப்படி நின்று பழக்கமில்லை. ரெஜினா சொன்னதை எல்லாம், கோவில் சிரித்ததைக்கூட, ஒன்றும் விடாமல் சொன்னார்.

"டீச்சர், நான் அன்னிக்குக் கொடி பிடிச்சது தப்பா?"

"தப்பில்ல."

"உள்ள போய் பக்கப்பீடத்துல நின்னிருக்கணுமா?"

"நின்னிருந்தா நான் இன்னும் கதவோரத் தரையிலதான் உக்காந்திருப்பேன்."

"அப்ப வெளிய நின்னது சரி."

"சரி."

"கோஷம் போட்டது?"

"அதுவும் சரி."

"எல்லாம் சரின்னா ஏன் எனக்கு ராப்பகலா நெஞ்சு இப்படி அடைக்குது? நான் வேற என்னதான் செஞ்சிருக்க முடியும்?"

விண்ணரசி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"'சம்மதம்'னு சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும், பெரியப்பா?"

இன்னாசி அந்தச் சொல்லை உதட்டுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். இரண்டு கோஷத்துக்கு நடுவே மூச்சு வாங்குகிற நேரம்கூட ஆகவில்லை.